திரும்பிப் பார்க்கும் கோல்கீப்பர்

பிராங்ளினுக்கு முப்பத்தாறு வயது. சேரங்கோட்டைத் தாண்டி ஒரு தேயிலை எஸ்டேட்டின் மூன்றாம் டிவிஷனில் குடியிருப்பு. தொழிற்சாலையின் மேல்மாடியில் பச்சை இலை வாட்டும் வேலை. இலையைப் பரப்பிவிட்டு, அவ்வப்போது ஒரு கை அள்ளி இறுக்கிப் பார்க்க வேண்டும். பிடித்த பிடியில் உருண்டையாக நின்றால் பதம் வந்துவிட்டது. உதிர்ந்தால் இன்னும் நேரம் ஆகும். அந்தக் கைகளைத்தான் மூன்றாம் டிவிஷன் கால்பந்து அணி பதினாறு வருடமாகக் கோல் காக்க நம்பியிருந்தது. எவ்வளவு வேகமாக வந்தாலும் பந்து பிராங்ளின் கையில் ஒட்டிக்கொள்ளும் என்று கூடலூர் வரைக்கும் பேச்சு.

அதே கூடலூரில் இன்னொரு பேச்சும் இருந்தது.

"அந்த எஸ்டேட் கோலி பக்கத்துல ஒரு வெடியப் போடு. அப்புறம் பந்த உருட்டி விட்டாலே போதும்."

அதில் பொய் எதுவும் இல்லை. மூன்றாம் டிவிஷனில் வரிசையாக ஒட்டிக் கட்டிய இருபத்திரண்டு லைன் வீடுகள். கடைசி வீடு பிராங்ளினுடையது. அதற்குப் பின்னால் ஒரு பலா மரம், ஓர் ஓடை, அப்புறம் காடு. பலா பழுக்கிற மாதங்களில் யானை லைனுக்குள் வராத வாரமே கிடையாது. அதனால் லைன்காரர்கள் தங்களுக்குள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார்கள். அதற்குப் பெயர் யானை முறை. ஒரு வீட்டுக்கு ஒரு வாரம். முறைக்காரர் வீட்டில் ஒரு பை இருக்கும். அதில் வெடி, தீப்பெட்டி, டார்ச், விசில். சாயங்காலம் ஐந்து மணி ஆனதும் அந்த வீட்டு ஆள் ஒருவர் பையோடு தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏறி உட்கார வேண்டும். அங்கிருந்து பார்த்தால் ஓடைக்கரை முழுவதும் தெரியும். போனுக்கு டவர் கிடைக்கிற ஒரே இடமும் அதுதான். யானையைக் கண்டால் வெடி போட வேண்டும். வெடி கேட்டதும் எல்லா வீட்டிலிருந்தும் தட்டோ டின்னோ தூக்கிக்கொண்டு ஆட்கள் வெளியே வர வேண்டும். தூங்கினாலும் சரி, சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் சரி. வராத வீட்டோடு மறுநாள் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மாலை பிராங்ளின் தொழிற்சாலை மாடியில் இலை பரப்பிக்கொண்டிருந்தபோது வெடி கேட்டது. ஓடிப் போய்ச் சேர்ந்தபோது அவன் வீட்டு அடுக்களைச் சுவர் விழுந்து கிடந்தது. மனைவி உமாராணியும் மகள் ஜெனிபாவும் கட்டிலுக்கு அடியில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றிலிருந்து வெடிச் சத்தம் கேட்டால் பிராங்ளினின் கழுத்து தானாக வீட்டுப் பக்கம் திரும்பும். கல்யாண வீடாக இருந்தாலும், தேர்த் திருவிழாவாக இருந்தாலும், கிறிஸ்துமஸ் ராத்திரியாக இருந்தாலும் திரும்பும். கோயிலுக்கும் சர்ச்சுக்கும் இரண்டுக்கும் போகிற குடும்பம் என்பதால் வருடத்தில் பல நாள் அவனுக்கு இந்தச் சோதனை.

கூடலூரில் வருடா வருடம் மே மாதம் செவன்ஸ் போட்டி நடக்கும். அணிக்கு ஏழு பேர். அங்கே கோல் விழுந்தால் வெடி. கோல் விழப்போகிறது என்று தோன்றினாலும் வெடி. போன வருடம் அரையிறுதியில் ஒன்றுக்கு ஒன்று என்று ஆட்டம் நின்றிருந்தபோது எதிரணி ஆட்கள் ஒரு சரத்தைக் கொளுத்தினார்கள். பிராங்ளின் மேற்கே, எஸ்டேட் இருக்கிற திசையில் திரும்பினான். பந்து அவன் இரண்டு காலுக்கும் நடுவே மெதுவாக உருண்டு உள்ளே போனது. யாரோ எடுத்த வீடியோ ஒரு மாதம் எல்லார் போனிலும் சுற்றியது. பந்தை அவசரமே இல்லாமல் போகவிட்டு, வானத்தில் யாரையோ தேடுகிற ஆள் போல அவன் நின்றான்.

இந்த வருடம் அணி முதல் தடவையாக இறுதிக்குப் போயிருந்தது. பதினோரு வருடம் முட்டி மோதிய பிறகு கிடைத்த வாய்ப்பு. எதிரணி போன வருடம் அரையிறுதியில் வென்ற அதே பஜார் பிரதர்ஸ். வெடிக்குப் பஞ்சமே இல்லாத அணி.

இறுதி ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு, தொழிற்சாலைக்குக் கீழே உள்ள மைதானத்தில் அணித் தலைவர் ஜெகதீசனும் முபீனும் பேசிக்கொண்டிருந்ததைப் பிராங்ளின் கேட்டுவிட்டான். ஜெகதீசன் எஸ்டேட்டின் எலக்ட்ரீசியன். நாற்பது தாண்டியும் தடுப்பில் நிற்கிறவர். முபீன் கூடலூர் பஜாரில் பேக்கரி வைத்திருக்கிறவன், அணியில் லைனைச் சேராத ஒரே ஆள். கோல் அடிப்பது முழுக்க அவன்தான்.

"மஞ்சேரில ஒரு கோலி இருக்கான், ஜெகதீசண்ணே. சொன்னா வருவான். குண்டு போட்டாலும் திரும்ப மாட்டான்."

"பிராங்ளின்கிட்ட யாரு சொல்றது?"

"நீங்கதான். கேப்டன் யாரு, நானா?"

பிராங்ளின் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான்.

"ஒரு வாரம் குடுங்கண்ணே," என்றான் பிராங்ளின். "வெடி போட்டுப் பழகறேன். காதுக்குப் பழகிட்டா கழுத்து திரும்பாது."

"வெடிக்கு எங்கடா போறது?"

"முறை நாளையிலேர்ந்து எங்க ஊடுதாண்ணே. பை எங்கிட்டதான் வரும்."

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது. ஆனால் அப்போது அது தப்பு என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. உமாராணிக்கு மட்டும் தோன்றியது.

"முறைப் பையில கை வெக்காதீங்க," என்றாள். அவள் கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தாள். "அது நம்ம ஊட்டுச் சாமான் இல்ல. லைன் சாமான்."

"சனிக்கிழமை கூடலூர் போயி அத்தனையும் வாங்கி வெச்சுடறேன்."

"யானை சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்குமா? சொல்லி அனுப்பியிருக்கீங்களா?"

"நீ தொட்டி மேல இருக்கற. நான் கூப்பிடு தூரத்துல கீழ இருக்கேன். அஞ்சு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும்தானே உமா."

ஆட்ட நாட்களிலும் பழகும் நாட்களிலும் அவனுக்குப் பதிலாகத் தொட்டி மேல் உட்காருவது எப்போதும் அவள்தான். ஜெனிபாவை வீட்டுக்குள் உட்கார வைத்து, படம் வரையச் சொல்லிவிட்டு ஏறுவாள்.

பிராங்ளின் அன்று சாயங்காலமே இருபத்தோரு வீட்டுக் கதவையும் தட்டினான். அஞ்சுலேர்ந்து ஆறு மணிக்குள்ள மைதானத்துல வெடி கேட்டா அது எனக்காகப் போடறது, யாரும் பதற வேண்டாம் என்று சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். இறுதி ஆட்டம் என்பதால் மறுப்பு ஒன்றும் வரவில்லை. பக்கத்து வீட்டுச் செல்லையா மட்டும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். எழுபது தாண்டியவர். சிறு வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர். காது கொஞ்சம் மந்தம்.

"என்னாங்கறே தம்பி? சத்தமாக் கதை."

"வெடி மாமா. வெடி. எனக்காகப் போடறது."

"உனக்கு ஏன் வெடி? நீ என்ன யானையா?"

திங்கட்கிழமை ஜெகதீசன் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று வெடியைப் பற்றவைத்தார். அதே நொடியில் முபீன் பந்தை அடித்தான். பிராங்ளின் ஐந்து தடவையும் திரும்பினான். ஐந்தும் கோல். முதல் வெடிக்கு லைனிலிருந்து நாலைந்து பேர் தட்டோடு ஓடி வந்து, பிறகு நினைவு வந்து சிரித்துக்கொண்டே திரும்பிப் போனார்கள். செவ்வாய்க்கிழமை யாரும் ஓடி வரவில்லை. பிராங்ளின் நாலு தடவை திரும்பினான். புதன்கிழமை பாதிக்குப் பாதி. ராத்திரி சாப்பிடும்போது மகள் தட்டைக் கீழே போட்டாள். அவன் திரும்பாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். தனக்குள் ஏதோ மாறிக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரிந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, ஏதோ தொலைந்தது போலவும் இருந்தது.

வியாழக்கிழமை ஐந்தரை மணி இருக்கும். முபீன் பந்தை வைத்துப் பின்னால் நடந்து, ஓடி வந்து, வலது மூலைக்கு அடித்தான். அதே நேரம் வெடி கேட்டது. பிராங்ளினின் கண் பந்தை விட்டு அகலவில்லை. பறந்து போய் இரண்டு கையாலும் பந்தைப் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விழுந்தான். இன்னொரு வெடியும் கேட்டது. அதற்கும் அவன் திரும்பவில்லை.

"புடிச்சுட்டான்டா," என்று முபீன் கையைத் தட்டினான்.

பிராங்ளின் புல்லில் கிடந்தபடியே சிரித்தான். மூன்றாவது வெடியும் கேட்டது. பிறகுதான் அவன் ஜெகதீசனைப் பார்த்தான். ஜெகதீசன் கம்பத்துக்குப் பின்னால் அப்படியே நின்றிருந்தார். ஒரு கையில் வெடி. இன்னொரு கையில் தீக்குச்சி. இரண்டுமே பற்றவைக்காமல் இருந்தன.

"நான் போடலடா," என்றார் அவர்.

மைதானத்திலிருந்து லைனுக்கு ஏறுகிற பாதை செங்குத்து. கொழுந்துக்காரர்கள் அதில் நின்று நின்றுதான் ஏறுவார்கள். பிராங்ளின் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. வழியில் வீட்டு வாசல்களில் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் டீ குடித்துக்கொண்டே, "என்ன பிராங்ளின், இன்னிக்குப் புடிச்சியா?" என்று கேட்டார். யார் கையிலும் தட்டு இல்லை. அவன் சொன்ன சொல்லை இருபத்தோரு வீடும் கேட்டுக்கொண்டிருந்தது.

கடைசி வீட்டின் கூரைத் தகரம் ஒரு பக்கம் மடங்கித் தொங்கியது. பலா மரத்துக் கிளை ஒன்று முறிந்து வாசலில் கிடந்தது. செல்லையா ஒரு பெரிய தண்ணீர்க் கெண்டியைக் கரண்டியால் அடித்துக்கொண்டு ஓடைப் பக்கம் பார்த்து நின்றார். யானை ஓடையைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. அதன் முதுகு மட்டும் புதருக்கு மேலே தெரிந்தது. உமாராணி ஜெனிபாவைத் தூக்கி இடுப்பில் வைத்திருந்தாள். ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பது அவளுக்குப் பாரமாகத் தெரியவில்லை போல.

"ஒருத்தரும் வரல," என்றார் செல்லையா மூச்சு வாங்க. "நான் மட்டும் எப்படி வந்தேங்கறே? எனக்கு வெடி எங்க கேட்டுது. தண்ணி எடுக்க வந்தேன், யானையக் கண்டேன்."

பையில் மிச்சம் இருந்தவை மூன்றே வெடிகள். மூன்றையும் போட்டுவிட்டு, யாரும் வராததைப் பார்த்து, உமாராணி தொட்டியிலிருந்து குதித்து, யானைக்கும் வீட்டுக்கும் நடுவில் ஓடி மகளை வெளியே எடுத்திருக்கிறாள். குதித்ததில் கணுக்கால் வீங்கியிருந்தது.

"வெடி கேட்டுச்சா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"கேட்டுச்சு."

"மூணும் கேட்டுச்சா?"

"மூணும்."

"என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

பிராங்ளினுக்குப் பொய் சொல்ல வராது. "பந்தப் புடிச்சேன்," என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அன்றிலிருந்து அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பேச மட்டும் இல்லை. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் ஜெனிபாவிடம் சொன்னாள். "உங்கப்பாவுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு."

வெள்ளிக்கிழமை லைன் கூடியது. பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை. எல்லாருக்கும் தங்கள் மேலும் கோபம் இருந்தது. வீட்டுக்கு ஒருவராகத் தங்களிடம் இருந்த வெடியைக் கொண்டு வந்து முறைப் பையில் போட்டார்கள். இனி யானைக்குத் தவிர வேறு எதற்கும் மூன்றாம் டிவிஷனில் வெடி கிடையாது, தீபாவளிக்கும் கிடையாது என்று முடிவானது. அந்த யானை பகலிலேயே சுற்றுவதால் முறையை மத்தியானத்திலிருந்தே ஆரம்பிக்க வேண்டும் என்றும் முடிவானது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் முறை பிராங்ளின் வீட்டுக்குத்தான். வேறு யாரிடமும் மாற்றிவிடக் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவன் ஜெகதீசனிடம் போனான். "மஞ்சேரிக்காரனக் கூப்பிடுங்கண்ணே. நான் நிக்கல."

ஜெகதீசன் முன்பே கூப்பிட்டிருந்தார். "அவன் ஞாயித்துக்கிழமை வேற எங்கயோ பைனலாம். நெறைய எடத்துல பைனலாமே. உன்ன விட்டா இனி செல்லையா மாமாதான். அவருக்காவது காது கேக்காது."

பிராங்ளின் சிரிக்கவில்லை. வியாழக்கிழமையிலிருந்து அவனுக்குத் தூக்கம் சரியில்லை. தொழிற்சாலையில் ஒரு பெல்ட் சடக்கென்று அறுந்தபோது அள்ளிய இலையைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடினான். நாலு நாளில் பழகியதெல்லாம் ஒரே நாளில் போய்விட்டது. போனதோடு, முன்பைவிட மோசமாகவும் ஆகிவிட்டது. இனி வெடி கேட்டால் திரும்புவதோடு நிற்க மாட்டோம், ஓடியே விடுவோம் என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு ஜீப் கிளம்பத் தயாராக நின்றது. உமாராணி வீங்கிய காலில் துணி சுற்றிக்கொண்டு, பையோடும் பிள்ளையோடும் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். பிராங்ளின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"அம்மா, அப்பா போறாங்களாம்," என்றாள் ஜெனிபா.

"போகச் சொல்லு," என்றாள் உமாராணி, ஓடையைப் பார்த்தபடி.

கூடலூர் மைதானத்தில் சுற்றிலும் ஆட்கள் நெருக்கி நின்றார்கள். பஜார் பிரதர்ஸ் ஆட்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் சரம் சரமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒருவன் மலையாளத்தில் அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டான், "கோலி சேட்டா, இன்னிக்கு வீட்டுக்கு எந்தப் பக்கம்?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பிராங்ளின் கையுறையை மாட்டி மாட்டிக் கழற்றினான்.

முதல் பாதியில் முபீன் ஒரு கோல் அடித்தான். எஸ்டேட்டிலிருந்து வந்திருந்த பதினைந்து இருபது பேர் கத்தினார்கள். இரண்டாம் பாதியில் முதல் சரம் வெடித்தது. பிராங்ளின் மேற்கே திரும்பினான். நல்ல வேளையாகப் பந்து அப்போது நடு மைதானத்தில் கிடந்தது. அடுத்த சரத்துக்கும் திரும்பினான். அந்தத் தடவை பந்து கம்பத்தை நோக்கியே வந்தது. ஜெகதீசன் குறுக்கே விழுந்து தலையால் தள்ளினார். எழுந்து வந்து அவன் காதோடு சொன்னார்:

"டேய், எனக்கும் திரும்பணும் போலத்தான்டா இருக்கு. என் பொண்டாட்டியும் அங்கதான் இருக்கா."

"தெரியும்ணே."

"அப்புறம் என்ன? திரும்பாத."

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருந்தபோது பந்து ஜெகதீசனின் கையில் பட்டது. நடுவர் பெனால்டி என்று கையை நீட்டினார். பஜார் பிரதர்ஸ் அணியின் பிரசாத் பந்தை எடுத்து வைத்தான். பிரசாத் அடிக்கிற பெனால்டி வெளியே போனதாக யாருக்கும் நினைவில்லை.

விசில் ஊதியது. பிரசாத் ஓடி வந்தான். அவன் கால் பந்தைத் தொடுவதற்கு முன்பே பின்னால் இருந்தவர்கள் சரத்தைக் கொளுத்தி எறிந்தார்கள். அது வலையைத் தாண்டி பிராங்ளினின் காலடியில் விழுந்து வெடித்தது. அவன் திரும்பினான். திரும்பியதோடு நிற்காமல் மேற்கே இரண்டு அடி ஓடியும் விட்டான். பந்து வலைக்குள் போனது.

மைதானமே எழும்பியது. ஆனால் நடுவர் கையைக் குறுக்கே ஆட்டிக்கொண்டு வந்தார். வெடி ஆடுகளத்துக்குள் விழுந்துவிட்டதால் கோல் செல்லாது, மறுபடி அடிக்க வேண்டும் என்றார். உடனே சண்டை ஆரம்பித்தது. போட்டி நடத்துகிற கமிட்டி ஆட்கள் ஓடி வந்தார்கள். புகை கலையட்டும் என்று நடுவர் எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்.

இப்போது மறுபடி அடிப்பார்கள். மறுபடி வெடி போடுவார்கள். நாமும் மறுபடி ஓடுவோம். பிராங்ளினுக்குத் தன்னைப் பற்றி அவ்வளவு நிச்சயம் இருந்தது. கோட்டுக்கு வெளியே கிடந்த பையிடம் போய்த் தன் போனை எடுத்தான்.

"எந்தா பிராங்ளின் அண்ணே, யாருக்கு இப்போ போன்?" என்றான் முபீன்.

அவன் ஒற்றைக் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மூன்று நாளாகப் பேசாதவள். எடுக்காமல் போனால் கோபமா, வேறு ஏதாவதா என்று எப்படித் தெரியும்? எட்டாவது மணியில் எடுத்தாள்.

"என்ன."

"உமா, நான்தான்."

"தெரியுது. பேரு வருதில்ல. ஆட்டம் முடிஞ்சுதா?"

"இல்ல. பெனால்டி. இன்னும் அடிக்கல."

"பெனால்டிக்கு நடுவுல எவனாச்சும் போன் பண்ணுவானா?"

"வெடி போட்டாங்க உமா. அதான்."

அந்தப் பக்கம் அவள் எழுந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"இங்க ஒண்ணுமில்லீங்க," என்றாள். குரல் மாறியிருந்தது. "தொட்டி மேலதான் இருக்கேன். பாப்பா பக்கத்துல முறுக்குத் தின்னுட்டு இருக்கா. பலா மரத்துல கொரங்கு உக்காந்து நிம்மதியாத் திங்குது. யானை பக்கத்துல இருந்தா அது அப்படி உக்காந்திருக்குமா?"

"உக்காராது."

"செல்லையா மாமா கெண்டிய வெச்சுட்டுக் கீழ நிக்கறாரு. போதுமா?"

"போதும்."

"இந்த நிமிஷம் இங்க ஒண்ணும் இல்ல. போய் நில்லுங்க."

நடுவர் விசிலை ஊதி அவனைப் பார்த்துக் கையைத் தூக்கினார். பிராங்ளின் போனை முபீனிடம் கொடுத்துவிட்டுக் கோட்டில் போய் நின்றான். சுற்றிலும் ஒரே கூச்சல். "பொண்டாட்டிகிட்ட கேட்டுட்டு வந்துட்டான்டா. எந்தப் பக்கம் பாயணும்னு சொன்னாளா?" அவன் காதில் எல்லாம் விழுந்தது. ஒன்றும் உறைக்கவில்லை. பிரசாத் பந்தை வைத்தான், நான்கடி பின்னால் போனான்.

கமிட்டி எவ்வளவோ சொல்லியும் யாரோ இன்னொரு சரத்தைக் கொளுத்தினார்கள். இந்தத் தடவை வெளியேதான் வெடித்தது. பிராங்ளினின் கழுத்து இழுத்தது. அந்த இழுப்பு போகவே இல்லை, அப்படியேதான் இருந்தது. ஆனால் குரங்கு தின்றுகொண்டிருந்ததே. தின்றுகொண்டிருக்கிற குரங்கை அவன் மனசுக்குள் பார்த்தான். கண் பந்தின் மேலேயே நின்றது. பிரசாத்தின் இடுப்பு திரும்பிய பக்கத்தை வைத்து இடது பக்கம் பாய்ந்தான். பந்து விரலில் பட்டு, கம்பத்தில் மோதி, திரும்பி வந்து அவன் மேலேயே விழுந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு முகத்தைப் புல்லில் வைத்துக் கிடந்தான். ஜெகதீசன் வந்து மேலே விழுந்தார். பிறகு யார் யார் விழுந்தார்கள் என்று தெரியாது.

மிச்ச நிமிடங்கள் எப்படியோ தீர்ந்தன. ஒன்றுக்கு சைபர். மூன்றாம் டிவிஷன் கோப்பையை வென்றுவிட்டது.

மேடையில் பேச்சு ஆரம்பமானபோது மணி நாலேகால். பேசுவதற்கு ஆறு பேர் வரிசையில் இருந்தார்கள். பிராங்ளின் கையுறையைக் கழற்றிப் பையில் திணித்துக்கொண்டு ஜீப் நின்ற இடத்துக்கு நடந்தான். ஜெகதீசன் பின்னாலேயே வந்தார்.

"கப்பு வாங்காம எங்கடா போற?"

"இன்னிக்கும் முறை எங்களுதுண்ணே. காலு வீங்கிக் கெடக்கறா. இருட்டினா அவளால எறங்க முடியாது."

ஜெகதீசன் மேடையைப் பார்த்தார், மேற்கே பார்த்தார். பிறகு முபீனைக் கூப்பிட்டார். "உன் ஊடு இங்கதான. நீ இருந்து வாங்கு. நாளைக்கு எடுத்துட்டு வா."

"நான் மட்டுமா? ஏழு பேரு கப்ப ஒத்த ஆளு வாங்கினா கேக்க மாட்டாங்களா?"

"கேட்டா யானைன்னு சொல்லு. கூடலூர்க்காரனுக்குப் புரியும்."

ஜீப் தேவாலா ஏற்றத்தில் ஏறியபோது வெயில் மலையின் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது. யாரும் பாட்டுப் பாடவில்லை. ஓட்டுநர் வேகத்தைக் கூட்டினால் நல்லது என்று எல்லாருக்கும் தோன்றியது.

லைனுக்குப் போய்ச் சேர்ந்தபோது வெளிச்சம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பிராங்ளின் தொட்டிமேல் ஏறி, முதலில் மகளை இறக்கினான். பிறகு உமாராணியின் கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினான். அவள் அவன் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஜெயிச்சுட்டோம்."

"கப்பு எங்க?"

"முபீன் கொண்டாருவான்."

"ம்." பையை அவன் கையில் கொடுத்தாள். கனமாக இருந்தது. "தீப்பெட்டி நமுத்துப் போயிருக்கு. வேற எடுத்து அனுப்பறேன், இருங்க." நொண்டிக்கொண்டே இரண்டு அடி போனவள் திரும்பினாள். "சோறு மேலயே கொண்டாரட்டுமா?"

"கொண்டா."

அவன் மறுபடி ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டு ஓடைக்கரையைப் பார்த்து உட்கார்ந்தான்.